கலைநூல்: கோத்தகிரி சனிக்கிழமைகளில் விடாமல் கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே எங்கள் அறை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அங்கே உட்கார்ந்து புத்தகம் தைக்கிறோம். குன்னூர், ஊட்டி, கூடலூரிலிருந்து வருகிறார்கள். மேட்டுப்பாளையம் வழியாக ஏறிவரும் கோவைப் பிள்ளைகளும் உண்டு. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பதில் சொன்னால் பாதியில் நூலும் அறுந்துபோகிறது, பேச்சும் அறுந்துபோகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

என் அப்பா எஸ்டேட் ஆபீஸ்களுக்குச் செக்ரோல் என்கிற ஆள்பதிவேடும் பேரேடும் பைண்டிங் செய்து கொடுத்தவர். தையல் அவரிடம் கற்றது. மற்றதெல்லாம் படித்துக் கொஞ்சம், கெடுத்து நிறைய.

அக்கா, கலைநூல்னா என்ன? ஓவியத்தைப் பத்தின புத்தகமா?

இல்லை. ஓவியத்தைப் பற்றிய புத்தகம் கடையிலேயே கிடைக்கும். ஒருவர் வரைந்தவற்றைப் படமெடுத்து, வழவழப்பான தாளில் அச்சடித்து, முன்னுரை வாங்கிப் போட்டிருப்பார்கள். அதில் ஓவியம் வேறெங்கோ சுவரில் தொங்குகிறது. புத்தகம் அதற்குச் சாட்சி சொல்கிறது. கலைநூலில் புத்தகம்தான் படைப்பு. தாள், மடிப்பு, தையல், பக்கங்கள் வரும் வரிசை, கையில் தெரியும் கனம் எல்லாம் சேர்ந்துதான் விஷயத்தைச் சொல்லும்.

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து ஃபோனில் அனுப்பினால் என்ன போய்விடும்? ஒன்றும் போகாது என்றால் அது அருமையான புத்தகமாக இருக்கலாம், கலைநூல் என்று நான் சொல்லமாட்டேன். கீழே பல இடங்களில் இந்தச் சோதனையைப் பயன்படுத்துவேன். ஓரிடத்தில் அதுவே வழுக்கிவிடும், அதையும் சொல்கிறேன்.

ஆர்ட்டிஸ்ட்ஸ் புக்னே சொல்லிட்டுப் போலாமே, எதுக்குத் தனிப் பேரு?

சொல்லலாம், தப்பில்லை. ஆனால் ஆங்கிலத்திலேயே அந்தப் பெயரில் தகராறு உண்டு. ஒரு கலைஞரின் புத்தகமா, கலைஞர்கள் பலரின் புத்தகமா, எழுத்துக்கு மேலே போடும் சின்னக் கொம்பை (அப்பாஸ்ட்ரஃபி) எங்கே போடுவது என்று நூலகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் கொம்புத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. தொடக்கத்தில் ‘கலைஞர் புத்தகம்’ என்று போர்டு எழுதி வாசலில் வைத்தேன். கீழே கடை அண்ணன் ஏறி வந்து, “கட்சி ஆபீஸ் மாடிக்கு வந்துருச்சாம்மா?” என்றார். அன்றைக்கே போர்டை மாற்றினேன்.

‘நூல்’ என்ற சொல் நமக்கு ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. நன்னூல் தன் பாயிரத்திலேயே புத்தகம் எழுதுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிடுகிறது: சொல் பஞ்சு, புலவர்தான் நூற்கிறவர், வாய் கை, அறிவு கதிர். தைக்கிற நூலும் படிக்கிற நூலும் ஒரே பெயரில் இருக்கும் மொழியில் இந்தக் கலைக்கு வேறு பெயர் தேடுவானேன்.

இதை யாரு, எப்ப ஆரம்பிச்சாங்க?

ஓர் ஆளைக் கைகாட்ட முடியாது. 1789-ல் லண்டனில் வில்லியம் பிளேக் தன் கவிதையையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் எழுதி, அமிலத்தில் அரித்து, தானே அச்சடித்து, மனைவி கேத்தரினையும் சேர்த்துக்கொண்டு வண்ணம் பூசி விற்றார். கவிஞர், ஓவியர், அச்சகம், பதிப்பகம் எல்லாம் ஒரே வீட்டுக்குள். 1913-ல் பாரிஸில் சோனியா தெலோனே என்ற ஓவியரும் பிளேஸ் சாந்த்ரார் என்ற கவிஞரும் சைபீரிய ரயில் பயணம் ஒன்றை மடிப்பு நூலாகச் செய்தார்கள். விரித்தால் இரண்டு மீட்டர் நீளம். 150 பிரதிகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈஃபிள் கோபுர உயரம் வரவேண்டும் என்பது கணக்கு. அத்தனை பிரதிகள் செய்து முடியவில்லை.

பெரும்பாலோர் தொடக்கமாகச் சொல்வது 1963-ஐ. எட் ருஷே என்ற அமெரிக்கர் ‘இருபத்தாறு பெட்ரோல் பங்குகள்’ என்று பெயர் வைத்து, நெடுஞ்சாலைப் பங்குகள் இருபத்தாறின் புகைப்படங்களை மட்டும் மெல்லிய புத்தகமாகப் போட்டார். முதல் பதிப்பு 400 பிரதி. அழகான படங்கள்கூடக் கிடையாது, யாரோ இன்ஷூரன்ஸ் வேலைக்கு எடுத்தது மாதிரி இருக்கும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. மனிதர் அசரவில்லை, ‘நூலகம் நிராகரித்தது’ என்று அதையே கலைப் பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார். அதற்குப் பிறகு கிளைகள் வேகமாகப் பிரிந்தன. 1975-ல் ஆம்ஸ்டர்டாமில் உலிசஸ் கரியோன் என்ற மெக்ஸிகோக்காரர் இவற்றுக்கென்றே கடை திறந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ‘பிரின்டட் மேட்டர்’ தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

நம்ம ஊர்ல இதெல்லாம் இல்லவே இல்லையா? ஓலைச்சுவடி சேராதா?

இந்தக் கேள்வியை ஒவ்வொரு மாதமும் ஒருவர் கொஞ்சம் கோபத்தோடு கேட்கிறார். கோபம் நியாயம்தான். ஆனாலும் ஓலைச்சுவடியைக் கலைநூல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் சாதாரணப் புத்தகம். வைத்தியரும் கணக்குப்பிள்ளையும் அதில்தான் எழுதினார்கள். கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது என்பது வேறு விஷயம். துளையில் நாராசம் என்ற குச்சியைச் செருகி, மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிறு சுற்றிக் கட்டுவார்கள். கயிறு அறுந்து ஓலைகள் கலைந்தால் பாட்டின் வரிசையே போய்விடும். கட்டு என்பது உறை மாதிரி வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, பொருளும் அதில்தான் இருக்கிறது என்று அதைத் தூக்கிப் பார்த்தால் புரியும்.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தெரிவது சித்திரகவி, எழுத்துகளைப் படமாக அடுக்கும் கவிதை. நாகபந்தத்தில் எழுத்துகள் பாம்பின் உடல்வழியே ஓடி, உடல் பின்னும் இடத்தில் ஓர் எழுத்து இரண்டு வரிக்கும் பொதுவாகும். திருமங்கையாழ்வாரின் எழுகூற்றிருக்கைப் பாட்டைக் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் தேர் வடிவத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கண் போகிற பாதையும் கவிதையில் சேர்த்தி என்பது நமக்குப் பழக்கமான விஷயம், நடுவில் மறந்துவிட்டோம்.

இன்றைக்கு என்றால் சென்னையில் தாரா புக்ஸ் என்ற பதிப்பகம். கோண்ட் பழங்குடி ஓவியர்கள் மூவர் வரைந்த மரங்களைக் கறுப்புக் கைத்தாளில், ஒவ்வொரு நிறமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்து 2006-ல் போட்டார்கள். பிரதிக்கு எண் உண்டு, பிரித்தவுடன் மை வாசனை வரும். தில்லியில் தயாநிதா சிங் புகைப்படங்களை விசிறி மடிப்புச் சிறு நூல்களாகச் செய்கிறார். 2008-ல் வந்த ஏழு நூல் பெட்டியை மேசைமேல் விரித்து நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி.

எனக்குக் கோடுகூட நேரா போட வராது. நான் செய்யலாமா?

தாராளமாக. ருஷே புத்தகத்தில் வரைந்த கோடு ஒன்றுகூட இல்லை.

எங்களிடம் வந்த ஒரு பெரியவர் கதையைச் சொல்கிறேன். ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் ஏற்படுத்தப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பிரிண்டிங் பேப்பரும் தயாரித்த அரசு நிறுவனம்; இன்று மூடிக் கிடக்கிறது. அவர் வீட்டில் காலாவதியான பேப்பர் பெட்டி ஒன்று இருந்தது. அதில் எதையும் படமாகப் பதிக்காமல், இருட்டறையில் அப்படியே டெவலப் செய்தார். பழைய பேப்பர் வெளிச்சம் படாமலே தானாகச் சாம்பலாகும். ஒன்று வெளிர் சாம்பல், ஒன்று அடர் சாம்பல், சிலவற்றில் ஓரம் மட்டும் கறுத்து வந்தது. அவற்றை வெளுப்பிலிருந்து கறுப்புக்கு வரிசைப்படுத்தி 24 தாளாகத் தைத்தார். புரட்டப் புரட்ட தொட்டபெட்டாவில் சாயங்காலம் மேகம் இறங்குகிற மாதிரியே இருக்கும். பெட்டியின் மேலிருந்த காலாவதித் தேதிதான் புத்தகத்தின் பெயர். வேறு ஒரு சொல்லும் உள்ளே கிடையாது.

எதைப் பத்திச் செய்யறது? எங்க ஊர்ல அப்படி என்ன இருக்கு?

வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பார்க்கச் சொல்வேன். ஒரு பெண் பிஸ்கட் டின் நிறைய கொழுந்துச் சீட்டு கொண்டுவந்தாள். அவள் பாட்டி 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்து இங்கே தேயிலை பறித்தவர். 1979-ஆம் ஆண்டு அன்றன்று நிறுத்த எடைச் சீட்டுகளை எறியாமல் வைத்திருந்தார். பேத்திக்கு முதலில் தோன்றியது, சீட்டுகளைப் பெரிய ஆல்பத்தில் ஒட்டி ஓரத்தில் கதை எழுதலாம் என்று. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, 1979-ஆம் ஆண்டு காலண்டரை மட்டும் கொண்டுவரச் சொன்னேன்.

கடைசியில் அவள் செய்தது இதுதான். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள், மொத்தம் 365. சீட்டு இருக்கும் நாளில் சீட்டு. இல்லாத நாளில் வெறும் தாள். ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே சீராக வெறுமையாக வருகின்றன. நடுவில் காய்ச்சல் நாட்கள். ஓரிடத்தில் தொடர்ந்து வெறும் தாளாகவே போகிறது, புரட்டுகிறவர் கை தயங்குகிறது, எப்போது முடியும் என்று விரல் தேடுகிறது. அந்த இடத்தில்தான் அவள் அம்மா பிறந்தது. அதை அவள் எழுதவில்லை; பாட்டியே அந்தப் பக்கங்களில் கைவைத்துச் சொன்னார். சீட்டு ஒட்டிய தாள் தடிப்பதால் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்காமலிருக்க, முதுகுப் பக்கம் சிறு தாள் துண்டுகளை இடையில் கொடுத்துத் தைத்தோம். அப்பா பில் ஃபைல்களுக்குச் செய்த வித்தை.

கல்லட்டி ரோட்டை மடிப்புப் புத்தகமா செஞ்சேன். மடிப்பெல்லாம் வெடிக்குது, ஏன்?

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு மடிப்பு என்று யோசித்த தம்பிக்கு என் பாராட்டு. பெட்ரோல் பங்குகளுக்கு நல்ல பங்காளி. 36 மடிப்பு என்றால் 37 முகம். முகம் 10 சென்டிமீட்டர் என்றால் நீளம் 3 மீட்டர் 70. ஒரே தாளில் வராது, ஒட்டித்தான் ஆகவேண்டும். ஒட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டு, ஒட்டு எப்போதும் உள்மடிப்பில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பதற்குக் காரணம் இழை ஓட்டம். மிஷின் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். மடிப்பு அதற்கு இணையாக விழுந்தால் பணிந்து மடியும், குறுக்கே விழுந்தால் முறியும். தாளை அப்படியும் இப்படியும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வாட்டத்தில் சுலபமாக வளைகிறதோ அதுதான் மடிக்கிற திசை. அப்புறம், கெட்டித் தாளை நேரடியாக மடிக்காமல், ஸ்கேலை வைத்து மழுங்கிய முனையால் ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும்.

என்ன தாள், என்ன சாமான் வாங்கணும்? ரொம்பச் செலவாகுமா?

முதல் மூன்று புத்தகத்துக்கு விலை உயர்ந்தது ஒன்றும் வாங்காதீர்கள். மேப்லித்தோ தாள், கோணி தைக்கிற ஊசி, மெழுகுவர்த்தியில் இழுத்த நூல், குத்தூசி, ஸ்கேல், கட்டர். அட்டைக்கு மில்போர்டு, மேலே காலிகோ துணி. எல்லாம் பள்ளிக்கூட நோட்டு பைண்டிங் செய்கிறவரிடம் கிடைக்கும். கை பழகிய பிறகு புதுச்சேரி ஆசிரமக் கைத்தாள் மாதிரியானவற்றைத் தொடலாம். 1959-லிருந்து அங்கே செய்கிறார்கள். விலை உயர்ந்த தாளில் முதல் புத்தகம் செய்கிறவர்கள் பயந்து பயந்து தைப்பார்கள், தையலில் அது தெரியும்.

மழை மாசத்துல எல்லாம் பூஞ்சை புடிக்குதே, என்ன பண்றது?

கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் மழை. கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி மழை. இரண்டிலும் மைதாப் பசைதான் பூஞ்சைக்கு விருந்து. பசையை மெல்லிசாகப் பூசுங்கள். ஒட்டியதும் இடையில் வெள்ளைத் தாள் வைத்து, கனம் ஏற்றி, அந்தத் தாளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுவிட்டு எனக்குப் ஃபோன் செய்யாதீர்கள்.

பழைய பைண்டர்கள் பசையில் மயில் துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போடுவார்கள், அப்பாவும் போட்டார். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் அது விஷம். செம்பு நாளாவட்டத்தில் தாளையும் அரிக்கும். அவர் கட்டிய பேரேடுகளில் பசை பட்ட ஓரமெல்லாம் இன்று பழுப்பேறி ஒடிகிறது. நான் போடுவதில்லை. கூடியமட்டும் பசையே வேண்டாத தையல் கட்டுகளைச் செய்கிறேன். புத்தகங்களை வெளிச்சுவரை ஒட்டாமல், அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் வைக்கிறேன்.

எத்தனை பிரதி போடணும்? ஒண்ணே ஒண்ணு செஞ்சா அது புத்தகமா?

இந்தத் துறையின் பழைய சண்டை இது. ருஷே தலைமுறைக்கு, புத்தகம் என்றால் மலிவாக, நிறைய, யார் கைக்கும் போகவேண்டும். கேலரிக்குள் நுழையத் தயங்குகிறவர் கையிலும் கலை இருக்கவேண்டும் என்ற ஆசை. லூசி லிப்பார்ட் என்ற விமர்சகர் எழுபதுகளில் அதைத்தான் வாதாடினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியக நூலகராக இருந்த கிளைவ் ஃபில்பாட்டும் பல பிரதி போடுவதன் பக்கம். எதிர்ப்பக்கம், ஒரே பிரதியாகச் செதுக்கியும் கோத்தும் செய்கிறவர்கள். வேடிக்கை என்னவென்றால், மலிவாகப் பரவ வேண்டும் என்று போட்ட பெட்ரோல் பங்குப் புத்தகத்தின் முதல் பதிப்பு இன்று லட்சங்களில் விலை போகிறது.

என் கருத்து: பொருளைப் பார்த்து எண்ணிக்கை. கொழுந்துச் சீட்டு நூலுக்கு இரண்டாம் பிரதி கிடையாது, இருந்தால் பொய். கல்லட்டி மடிப்பை ஐம்பது போடுங்கள், ஜீப் ஓட்டுகிறவர்களுக்கும் கொடுங்கள்.

பிரஸ்ல குடுத்து அடிச்சா கலைநூல் ஆகாதா?

ஆகும். கையால் செய்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். தேயிலைச் சரிவு மாதிரி ஒவ்வொரு பக்கமும் முந்தியதைவிட அரை சென்டிமீட்டர் அகலம் குறைவாக ஒரு நூல் திட்டமிட்டு, டம்மி என்கிற மாதிரிப் பிரதியும் செய்து, ஒரு பிரஸ்ஸில் நூறு பிரதி கொடுத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். கட்டு வந்து பிரித்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. கேட்டதற்குச் சந்தோஷமாகச் சொன்னார்கள்: “ஏத்த எறக்கமா இருந்துச்சுங்க, நாங்களே கட்டிங் போட்டுச் சரி பண்ணிட்டோம்.” திட்டவும் முடியவில்லை, அவர்கள் தொழில் தர்மப்படி செய்தது சரி. டம்மியின் மேல் ‘வெட்டாதே’ என்று சிவப்பில் எழுதுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

இருபது பக்கத்துக்கு எண்ணூறு ரூபாயா? நியாயமா இது?

பக்கக் கணக்கில் பார்த்தால் அநியாயம். நான் சாமான் செலவு, உழைத்த மணிக்குத் தையல்காரர் கூலி, கெட்டுப்போகும் பிரதிகளுக்காகக் கொஞ்சம் என்று கூட்டுகிறேன். அச்சடித்த பிரதி என்றால் விலையை நூறு, இருநூறு ரூபாய்க்குள் நிறுத்தப் பார்ப்பேன். எண் போட்டுக் கையெழுத்திட்டதாலேயே விலை ஏற்றுவது எனக்குப் பிடிக்காது, செய்கிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஐ.எஸ்.பி.என். வாங்கணுமா? கன்னிமாராவுக்கு அனுப்பணுமா?

ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் கட்டாயமில்லை, வேண்டுமானால் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. புத்தகம் வெளியிட்டால் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி என நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி 30 நாளுக்குள் அனுப்பவேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒரே பிரதி தைத்து வீட்டில் வைத்திருப்பது வெளியீடே ஆகாது. இருபது பிரதி போட்டு நாலை அனுப்புவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ருஷேயைத் திருப்பி அனுப்பிய நூலகத்தை நினைத்தால், வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்ட நூலகம் இருப்பது நமக்கு யோகம்தான்.

பழைய புத்தகத்தை வெட்டி, மேல வரஞ்சு செய்யறாங்களே, பாவமில்லையா? கால் பட்டாலே தொட்டுக் கும்பிடறோம்.

கேட்டவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவர் முகத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை, எனக்கும் கை நடுங்கும். டாம் ஃபிலிப்ஸ் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1966-ல் பழைய சாமான் கடையில் மூன்று பென்ஸுக்கு 1892-ஆம் ஆண்டு நாவல் ஒன்றை வாங்கினார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் பூசி, நடுவே சில சொற்களை மட்டும் தெரியவிட்டு, வேறு ஒரு கதையை வெளியே எடுத்தார். ஐம்பது ஆண்டு அதையே திருத்தித் திருத்தி, 2016-ல் கடைசிப் பதிப்பு போட்டார். யாரும் படிக்காமல் கிடந்த நாவலை அத்தனை நாள் அத்தனை கவனமாக வேறு யார் படித்திருக்கப் போகிறார்கள்?

எங்கள் அறை விதிகள் சில. நூலக முத்திரை உள்ளதைத் தொடமாட்டோம். வேறு பிரதி கிடைக்காது என்று சந்தேகம் வந்தாலும் தொடமாட்டோம். பழைய கைடு, டயரி, ரயில்வே அட்டவணை என்றால் சரி. சரஸ்வதி பூஜை அன்று கட்டர் பெட்டிக்குள். உரிமை விஷயம் தனி: ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. விலைக்கு வாங்கிய ஒரு பிரதியில் நீங்கள் வரைவது ஒன்று, அதைத் திரும்ப அச்சடித்து விற்பது வேறு. அச்சடிப்பதானால் நாட்டுடைமையான நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படிக்கவே முடியாத புத்தகமெல்லாம் வெச்சிருக்கீங்களே, அது புத்தகமா?

சீன ஓவியர் ஷூ பிங் 1987-லிருந்து நாலு ஆண்டு செலவழித்து, பார்க்க அச்சு அசலாகச் சீன எழுத்து மாதிரியே இருக்கும் சுமார் 4000 எழுத்துகளை மரத்தில் செதுக்கி, பழைய முறையில் அச்சிட்டுத் தைத்தார். ஒன்றுகூட உண்மை எழுத்து இல்லை. சீனம் தெரிந்தவரும் தெரியாதவரும் அதன் முன் ஒரே நிலை. சோழமண்டலம் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியங்களில் எழுதியிருக்கிற மாதிரியே இருந்து படிக்க வராத வரிகளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமில்லை. டீட்டர் ரோத் என்ற கலைஞர் இன்னும் ஒருபடி மேலே போனார்: புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அரைத்து, கொழுப்பும் மசாலாவும் சேர்த்து, குடலில் அடைத்து சாஸேஜ் செய்தார், 1961-லிருந்து. அதையும் புத்தகக் கணக்கில்தான் வைக்கிறார்கள். எனக்கு அது நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான். புரட்ட முடியாததைச் சிற்பம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

குறும்பர் ஓவியம், தோடர் பூவேலை இதையெல்லாம் என் புத்தகத்துல போட்டுக்கலாமா?

மெதுவாக வருவோம். வெள்ளரிக்கொம்பைப் பாறை ஓவியங்களும், வேங்கை மரப் பாலில் குறும்பர்கள் தீட்டுவதும் இந்த மலையின் பெருமை என்று எல்லாரும் சொல்கிறோம். பெருமை நமக்கு, கூலி யாருக்கு என்று பார்க்கவேண்டும். தோடர் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரையும் தயாரிப்பையும் காக்கிறது. ஒரு கோலத்தை நகலெடுத்து அட்டையில் போடுகிறவரைத் தடுக்க மனசாட்சிதான் வேண்டும். நான் சொல்வது: கேளுங்கள், பெயரை அட்டையிலேயே போடுங்கள், பணத்தைப் பங்கிடுங்கள். தாரா நூலில் கோண்ட் ஓவியர்கள் படம் போட்டுக் கொடுத்தவர்களாக அல்ல, ஆசிரியர்களாகவே இருக்கிறார்கள்.

கோலத்தை விட்டுவிட்டு யோசனையை எடுக்கலாம். தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையில் இழை எண்ணித் தைப்பதால் வேலை இருபுறமும் பார்க்கத் தகுந்ததாக வரும். இதைப் பார்த்த ஒரு பெண், தாளின் பின்பக்கத்தையும் முன்பக்கமாகவே நினைத்து, ஊசித் துளைகளால் மட்டும் ஒரு நூல் செய்தாள். ஒரு பக்கம் குழி, திருப்பினால் புடைப்பு. தோடர் கோலம் ஒன்றுகூட அதில் இல்லை.

கண்காட்சியில கண்ணாடிக்குள்ள வெச்சா யாரு புரட்டுவாங்க?

யாரும் புரட்டமாட்டார்கள். என் நூல் ஒன்றை ஒரு கேலரி வாங்கி வைத்தது. ஏழாம் பக்கத்தைத் திறந்து, ஒரு மாதம் விளக்கடியில் காட்டினார்கள். திரும்பி வந்தபோது ஏழாம் பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. இப்போது நான் கொடுத்தால் புரட்ட ஒரு பிரதி, பார்க்க ஒரு பிரதி என்று இரண்டு கொடுக்கிறேன். புரட்டுகிற பிரதி அழுக்காவது செலவுக் கணக்கில் சேரும். வெள்ளைக் கையுறை வேண்டாம். விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாமல் கிழிப்பார்கள். கழுவித் துடைத்த கை போதும். விசிறி மடிப்பு என்றால் கண்ணாடிக்குள்ளும் ஓரளவு பிழைக்கும். தயாநிதா சிங்கின் ஏழு நூல்கள் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் நகைக்கடை அலமாரியிலேயே விரிந்து நின்றிருக்கின்றன.

பிடிஎஃப்பா அனுப்பினா கலைநூல் இல்லைன்னீங்க. அப்ப ருஷேவோட பெட்ரோல் பங்குப் புத்தகத்தை ஸ்கேன் எடுத்தா என்ன போகுது?

மாட்டிவிட்டார்கள். முதல் பதிலில் வழுக்கும் என்று சொன்னது இங்கேதான். தாள் சாதாரணம், அச்சு சாதாரணம், படங்கள் வேண்டுமென்றே சப்பை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் போகாது. போவது, ஒரு கடைப் புத்தகம் மாதிரி கையில் வந்து ஏமாற்றுகிற அந்தத் தன்மை மட்டும். அது போதுமா என்றால் எனக்குப் போதும். உங்களுக்குப் போதாது என்றால் என் சோதனையைத் திருத்தி எழுதுங்கள். திரையில் தேய்த்துப் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் நூல்களை என் சோதனை கண்டுகொள்வதே இல்லை, அதுவும் குறைதான்.

காலேஜ்ல இதை வெச்சு ஆராய்ச்சி பண்ண முடியுமா?

முடியும். 1985-ல் ஜோன் லையன்ஸ் தொகுத்த கட்டுரைகள், 1995-ல் ஜொஹானா டிரக்கர் எழுதிய வரலாறு இரண்டிலும் தொடங்கலாம். டிரக்கர் வரையறை கட்டாமல், பல கலைகள் வந்து கலக்கும் ஒரு வட்டாரம் என்று விடுகிறார். கரியோன் புத்தகத்தைச் சொற்களின் பெட்டியாகப் பார்க்காமல் இடங்களின் தொடர் என்றார். துறையில் வர்ணனை நிறைய, விமர்சனம் குறைவு. ‘அழகான தாள், நுணுக்கமான தையல்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது என்ன நடக்கிறது, அது நடக்காவிட்டால் என்ன குறையும் என்று எழுதிப் பாருங்கள்.

தமிழில் இறங்க இடம் நிறைய. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது, சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பதிப்புகள் இருக்கின்றன. சிற்றிதழ் அட்டைகளில் ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் செய்ததைப் புத்தக வடிவமாகப் பார்த்து எழுதலாம். எஸ்டேட் செக்ரோல் பற்றி யாராவது எழுதினால் எங்கள் வீட்டுப் பரண் திறந்திருக்கும்.

நான் செஞ்சதைக் கொண்டு வந்து காட்டலாமா? சிரிக்க மாட்டீங்களே?

கொண்டு வாருங்கள், காலை பத்து மணிக்கு மேல். மழை நாளானால் இரண்டு சுற்றுத் துணியில் சுற்றி, குடைக்குள் நெஞ்சோடு பிடித்துக்கொள்ளுங்கள்; பைக்குள் வேண்டாம், பைதான் முதலில் நனையும். மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும். துண்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கை துடைத்துவிட்டு நீங்களே முதல் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.